வான்கல்லை வழிதிருப்புதல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புறநானூற்றின் 229-ஆம் பாட்டைப் பாடியவர் கூடலூர் கிழார். பங்குனித் திங்களின் ஓர் இரவில், விண்மீன்கள் எவை எவை எங்கெங்கு நின்றன என்று முறைப்படக் குறித்துக்கொண்டே வருகிறார் அப்புலவர். அவ்வேளையில் வானிலிருந்து ஒரு மீன் தீப்போல் ஒளிவிட்டு வீழ்கிறது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு வருமோ என்று அவர் நெஞ்சம் நடுங்குகிறது. ஏழாம் நாள் மன்னன் மாய்கிறான். யானைகள் கையை நிலத்தில் போட்டுக் கிடக்கின்றன. முரசம் கண் கிழிந்து உருள்கிறது. வெண்குடை கால் ஒடிந்து வீழ்கிறது.

இப்பாட்டைக் கையறுநிலையின் சிறப்புக்காகப் படித்து மகிழ்வது மரபு. அதனை வானியலார் படித்தால் வேறொன்று தோன்றும். புலவரின் நோக்கு மிகத் துல்லியமானது. ஆயினும் நோக்கியதன் பயனாக அவருக்குக் கிடைத்தது ஏழு நாள் அச்சம் மட்டுமே. வானில் வருவதைக் கண்டவன் அதனைத் தடுக்க ஒன்றும் செய்ய இயலாது என்ற நிலை மாந்த வரலாறு முழுவதும் நீடித்தது. அந்நிலை 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் மாறியது. அன்று முதன்முறையாக மனிதர் செய்து அனுப்பிய ஒரு பொருள் மோதி, வானில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கல்லின் போக்கு வேண்டுமென்றே மாற்றப்பட்டது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, இன்னும் என்னென்ன வழிகள் உள்ளன, அவற்றில் எஞ்சியுள்ள இடர் யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

காவலூரும் கும்பகோணமும்

சிறுகோள்கள் என்பவை ஞாயிற்றைச் சுற்றிவரும் கற்கோளங்கள். கோள்கள் உருவானபோது எஞ்சிய கற்கள் எனலாம். பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள வளையத்தில் சுற்றுகின்றன. சில மட்டும் பாதை மாறிப் புவியின் அருகே வந்துபோகின்றன.

இவற்றைத் தேடும் பணியில் தமிழகத்துக்குப் பழம் பங்கு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய நார்மன் போக்சன் 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. அதனால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். அவருடன் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த பெருமைக்குரியவர். போக்சன் 1885-இல் கண்டறிந்த ‘வீரா’வுக்குப் பின் நூறாண்டுக்கும் மேலாக இந்திய மண்ணிலிருந்து புதிய சிறுகோள் எதுவும் கண்டறியப்படவில்லை.

அந்த இடைவெளியை முடித்தது ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வு நிலையம். வைணு பாப்புவின் பெயர் தாங்கிய அந்நிலையத்தில் 1987-இல் சிறுகோள்களையும் வால்மீன்களையும் தேடும் திட்டம் ஒன்றைப் பேராசிரியர் இரா. இராஜமோகன் தொடங்கினார். திட்டத்தின் பெயர் ‘கல்கி’. திருமாலின் பத்தாம் அவதாரத்தின் பெயர் அது. ஊழியின் முடிவில் வருபவர் என்பது புராணம். வானின் ஒரே பகுதியை இடைவெளி விட்டுப் படமெடுத்து ஒப்பிடுவதே இத்தகைய தேடலின் முறை. விண்மீன்கள் இருந்த இடத்தில் இருக்கும். சிறுகோள் மட்டும் சற்றே நகர்ந்திருக்கும். 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் அவ்வாறு ஒன்று அகப்பட்டது. 4130 என்ற எண்ணுடைய அச்சிறுகோளுக்கு ‘இராமானுஜன்’ என்று பெயர் சூட்டப்பட்டது.

ஈரோட்டில் பிறந்து, கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜனே அப்பெயருக்குரியவர். அக்கல் செவ்வாய்க்கு அப்பாலுள்ள வளையத்தில் சுற்றுகிறது. அதனால் புவிக்கு எந்த அச்சமும் இல்லை. ஆயினும் வானிலிருந்து வரும் இடரை அறிவதற்கு முதற்கருவி கணிதமே ஆதலின், அப்பெயர் வெகு பொருத்தம் எனலாம். கல்லைக் காண்பது கண்ணின் வேலை. அது இன்னும் முப்பது ஆண்டுக்குப் பின் எங்கே இருக்கும் என்று சொல்வது கணக்கின் வேலை.

கொள்ளிடத்தின் வடகரைச் சான்று

வானிலிருந்து கல் வீழ்ந்து உலகு அழியும் என்பது வெறும் கதையா என்று ஐயுறுவோர், கொள்ளிடத்தைக் கடந்து அரியலூர் வரை சென்று வரலாம். இன்று சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் அந்நிலம் ஒருகாலத்தில் கடலடி. நத்தை போலச் சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டு என்னும் கடலுயிர்களின் புதைபடிவங்கள் அங்கே நிறைந்துள்ளன. அரியலூர்ப் படிவுகளுக்கு மேலே, காலத்தால் பிந்திய நினியூர்ப் படிவுகள் அமைந்துள்ளன. அந்த மேலடுக்கின் காலத்தில் அம்மோனைட்டுகள் உலகிலிருந்தே மறைந்துவிட்டன. டைனோசர்களும் அவ்வெல்லையிலேயே மறைந்தன.

அவ்வெல்லையின் காலம் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அக்காலத்து மண்ணடுக்கில் இரிடியம் என்னும் அரிய தனிமம் அளவுக்கு மீறி இருப்பதை 1980-இல் லூயி அல்வாரெஸ், வால்டர் அல்வாரெஸ் என்னும் தந்தையும் மகனும் தம் குழுவினருடன் வெளியிட்டனர். ஏறத்தாழ 10 கி.மீ. குறுக்களவுள்ள வான்கல் ஒன்று மோதியதன் அடையாளம் அது என்றனர். மோதிய இடம் மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பம் என்பது பின்னர் உறுதியாயிற்று. எங்கோ வீழ்ந்த கல்லின் விளைவு உலகெங்கும் உள்ள பாறைகளில் எழுதப்பட்டுள்ளது. அவ்வேட்டின் ஓர் இதழ் காவிரிப் படுகைக்கு அருகிலேயே கிடக்கிறது.

அத்தகைய பேரிடர் பல கோடி ஆண்டுக்கு ஒருமுறை நேர்வது. சிறியவை அடிக்கடி வருகின்றன. 1908-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் சைபீரியாவின் துங்குஸ்காவில் வானிலேயே வெடித்த பொருள் இரண்டாயிரம் சதுர கி.மீ.க்கு மேற்பட்ட காட்டைச் சாய்த்தது. பழைய தஞ்சை மாவட்டத்தில் பல வட்டங்களைச் சேர்த்தால்தான் அப்பரப்பு வரும். 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் உருசியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்தது ஏறத்தாழ 20 மீட்டர் அளவே உடையது. அதன் அதிர்வில் கண்ணாடிகள் உடைந்து தெறித்து ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். அது பகல்வானில் ஞாயிற்றின் திசையிலிருந்து வந்தமையால் எந்தத் தொலைநோக்கியும் முன்னதாக அதனைக் காணவில்லை.

2004 திசம்பர்

காணாமையின் விலை என்ன என்பதைக் காவிரி கடலொடு கலக்கும் இந்நாட்டுக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்திராவை ஒட்டிய கடலடியில் நிலம் நடுங்கியது. நாகப்பட்டினக் கரையை அலை தொட்டது 9 மணியளவில். இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. நிலநடுக்கம் நேர்ந்தது உலகின் பல கருவிகளில் பதிவாகியும் இருந்தது. அச்செய்தி கரையில் இருந்தவர்களிடம் வந்து சேரவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையிலிருந்து சிறு தொலைவு உள்ளே நடந்து செல்ல அந்நேரம் போதும். நேரம் இருந்தும் அறிவிப்பு இல்லாமற்போனதே அத்துயரின் கொடுமை.

அதே வாரத்தில் உலகின் வானியலார் சிலர் வேறொரு கணக்கில் ஆழ்ந்திருந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோள் 2029-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-இல் புவியில் மோதக்கூடும் என்று கணக்கு காட்டியது. திசம்பர் 27-ஆம் நாள், நாகையில் உற்றாரை அடக்கம் செய்துகொண்டிருந்த வேளையில், அவ்வாய்ப்பு நூற்றுக்கு 2.7 என்ற அளவுக்கு உயர்ந்தது. அன்றே, அதே ஆண்டு மார்ச் மாதத்தில் எடுக்கப்பட்டு எவரும் கவனியாதிருந்த பழைய படங்களில் அக்கல்லின் சுவடு கண்டுபிடிக்கப்பட்டது. கணக்கு திருத்தமுற்றது; 2029-இல் மோதல் இல்லை என்று தெளிந்தது. பின்னர் அதற்கு ‘அப்போபிஸ்’ என்று எகிப்தியப் புராணத்துப் பாம்பின் பெயர் இடப்பட்டது. குறைந்தது இன்னும் நூறாண்டுக்கு அதனால் இடரில்லை என்பது 2021-இல் உறுதி செய்யப்பட்டது.

கடலில் வந்த இடருக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது, பயன்படவில்லை. வானில் வருவதாகக் கருதப்பட்ட இடருக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் இருந்தன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், இத்துறையின் உயிர்நிலை வலிமையில் இல்லை, காலத்தில் உள்ளது என்பது விளங்கும். ஆழிப்பேரலைக்குப் பின் 2007-இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. வானத்துக்கும் அத்தகைய காவல் வேண்டும்.

உடைப்பதா, திருப்புவதா?

வான்கல் வருகிறது என்றவுடன் அதனை வெடிவைத்துத் தகர்ப்பதே பலருக்குத் தோன்றும் வழி. 1998-இல் வெளிவந்த ஹாலிவுட் படங்களும் அவ்வெண்ணத்தைப் பரப்பின. பொறியியலார் அவ்வழியை எளிதில் ஏற்பதில்லை. உடைந்த துண்டுகள் பெரும்பாலும் அதே பாதையில்தான் வரும். ஒரு குண்டுக்குப் பதிலாக ஒரு கூடைக் குண்டுகளை ஏற்பது போல் அது முடியலாம்.

மாற்று வழி யாது என்பதற்குக் கல்லணையே விளக்கம். காவிரியை மறித்துத் தேக்குவதற்காகக் கரிகாலன் அதனைக் கட்டவில்லை. திருவரங்கத் தீவு முடியும் இடத்தில் காவிரியின் படுகை உயர்ந்தும் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் உள்ளன. தடையின்றி விட்டால் காவிரி நீர் முழுதும் கொள்ளிடத்தில் சரிந்து வீணே கடலுக்குப் போய்விடும். அச்சரிவின் வாயில் தாழ்வான ஒரு கற்சுவரை வைத்தனர் முன்னோர். இயல்பான நீர் வயலுக்குத் திரும்பியது. மிகுந்த வெள்ளம் சுவரின் மேல் வழிந்து கொள்ளிடத்துக்குப் போயிற்று. ஆற்றின் வலிமையோடு மல்லுக்கு நிற்காமல், அது திரும்பக்கூடிய இடத்தில் சிறு தடை வைத்துத் திருப்பினர். பூம்புகாரில் அதே சுவரைக் கட்டியிருந்தால் ஒரு குறுணி நீரும் வயலுக்கு வந்திராது. திருப்புவதற்கு உரிய இடம் மேற்கே, தொலைவில் உள்ளது.

சிறுகோளுக்கும் இதுவே முறை. புவி ஞாயிற்றைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதன் விட்டம் 12,742 கி.மீ. ஆகவே தன் முழு உடலளவைக் கடக்கப் புவிக்கு ஏழு நிமிடமே ஆகிறது. மோதல் என்பது இரண்டும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்துசேர்வது. இருப்புப்பாதையைக் கடக்கும் வண்டியை எண்ணிப் பார்த்தால் போதும். ரயில் வரும் அதே நொடியில் வண்டி தண்டவாளத்தில் இருந்தால்தான் விபத்து. சிறுகோள் ஏழு நிமிடம் தாமதித்து வந்தால் புவி அவ்விடத்தைக் கடந்து போயிருக்கும்.

பல ஆண்டுகள் பயணம் செய்து வரும் கல்லை ஏழு நிமிடம் தாமதப்படுத்துவது பெருஞ்செயலன்று. அதன் வேகத்தில் நொடிக்கு 1 செ.மீ. மாற்றம் செய்தால், இருபது ஆண்டில் அம்மாற்றம் 6,300 கி.மீ. அளவுக்குப் பெருகிவிடும், புவியின் ஆரமும் ஏறத்தாழ அவ்வளவே. சுற்றுப்பாதையின் இயல்பால் உண்மையான விலகல் இன்னும் கூடுதலாகவே இருக்கும். நொடிக்கு 1 செ.மீ. என்பது எறும்பு ஊரும் வேகம். இருபது ஆண்டுக்கு முன் எறும்பு வேகம் போதும். ஒரு மாதத்துக்கு முன் எனில் நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டும். அதற்கான ஆற்றல் எவரிடமும் இல்லை.

மூன்று வழிகள்

முதல் வழி மோதித் தள்ளுவது. நாசாவின் டார்ட் விண்கலம் 2021 நவம்பரில் ஏவப்பட்டது. டிடிமோஸ் என்னும் சிறுகோளையும் அதனைச் சுற்றிவரும் டைமார்பாஸ் என்னும் துணைக்கல்லையும் அது இலக்காகக் கொண்டது. டைமார்பாஸின் அளவு ஏறத்தாழ 150 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். எடை ஏறத்தாழ 43 லட்சம் டன். மோதிய கலத்தின் எடையோ 580 கிலோ அளவே. ஒரு மாட்டுவண்டி நெற்பாரத்திலும் குறைவு. புவியிலிருந்து 1 கோடியே 10 லட்சம் கி.மீ. தொலைவில், நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில் கலம் போய் மோதியது.

துணைக்கல் தன் தாய்க்கல்லைச் சுற்ற எடுத்துக்கொண்ட காலம் 11 மணி 55 நிமிடம். அதில் 73 நொடி மாறினாலே வெற்றி என்று திட்டமிட்டிருந்தனர். மாறியது 33 நிமிடம். இவ்வளவு மிகுந்த பயனுக்குக் காரணம் உண்டு. கலம் மோதியபோது கற்பொடியும் பாறைத் துண்டுகளும் எதிர்த்திசையில் பீறிட்டுத் தெறித்தன. துப்பாக்கி சுடும்போது தோளைப் பின்னுக்கு உதைப்பது போல், தெறித்த பொருள்கள் கல்லை முன்னுக்கு உதைத்தன. மோதலின் தள்ளு விசையைப் போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு பயன் அதனால் கிட்டியது. ஆயினும் டைமார்பாஸின் வேகத்தில் நேர்ந்த மாற்றம் நொடிக்கு 2.7 மி.மீ. மட்டுமே. அச்சிறு மாற்றத்தைப் புவியிலிருந்தே அளந்து அறிந்தனர். மோதிய தடத்தை அருகிருந்து ஆராய ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹெரா விண்கலம் 2024 அக்டோபர் 7-ஆம் நாள் புறப்பட்டது; 2026-இன் இறுதியில் அங்கு சேரும் வகையில் அதன் பயணம் வகுக்கப்பட்டது.

இவ்வழியிலும் ஒரு குறை உண்டு. கல் இறுகிய பாறையா, தளர்ந்த சரளைக் குவியலா என்பதற்கு ஏற்பத் தெறிப்பு வேறுபடும். தள்ளும் அளவும் வேறுபடும். உடைத்த தேங்காய் எப்படிச் சிதறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது போன்றதே அது. ஆதலின் தள்ளப்போகும் கல்லை முதலில் ஒரு கலம் அனுப்பி ஆராய வேண்டும். அதற்கும் காலம் வேண்டும்.

இரண்டாம் வழி ஈர்ப்பினால் இழுப்பது. விண்வெளி வீரர்களான எட்வர்ட் லூவும் ஸ்டான்லி லவ்வும் 2005-இல் முன்வைத்த கருத்து இது. கனமான கலம் ஒன்று சிறுகோளைத் தொடாமலேயே அதன் அருகில் மிதந்து நிற்கும். கலத்துக்கும் கல்லுக்கும் இடையே உள்ள ஈர்ப்பே கயிறாகும். கலத்தின் பொறி மெல்ல இயங்க, கல்லும் மெல்லப் பின்தொடரும். இருபது ஆண்டுக்கு முன்னரே அறிந்தால், 20 டன் கலம் ஓராண்டு இழுத்து 200 மீட்டர் கல்லை விலக்கிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. கல் எத்தகையதாயினும் இவ்வழி செல்லும். விலகலையும் துல்லியமாக அமைக்கலாம். இன்றளவும் இது செய்து பார்க்கப்படவில்லை.

மூன்றாம் வழி அணுவெடிப்பு. கல்லைத் தகர்ப்பதற்காக அன்றி, சற்றுத் தொலைவில் வெடிக்கச் செய்வது. வெடிப்பின் கதிர்வீச்சால் கல்லின் ஒரு பக்க மேற்பரப்பு ஆவியாகிப் பீறிடும். அதன் எதிர்விசை கல்லை மறுபுறம் தள்ளும். பெரிய கல்லுக்கும் குறுகிய காலத்துக்கும் இதனைவிட ஆற்றல் மிக்க வழி அறியப்படவில்லை. ஆனால் 1963-ஆம் ஆண்டு உடன்படிக்கை விண்வெளியில் அணுவெடிப்பைத் தடுக்கிறது. 1967-ஆம் ஆண்டு உடன்படிக்கை விண்வெளியில் பேரழிவுப் படைக்கலங்களை நிறுத்துவதைத் தடுக்கிறது. இவ்வழியைத் தேடுவோர் கையில் இருக்கும் கருவி, வான்கல்லைப் போலவே உலகை அழிக்க வல்லது.

இவையன்றி இயற்கையே செய்யும் தள்ளுதல் ஒன்றும் உண்டு. பெரிய கோயிலின் திருச்சுற்றில் மாலை வேளையில் வெறுங்காலுடன் நடந்தோர், பகலில் வெயில் குடித்த கருங்கல் பொழுது சாய்ந்த பின்னும் வெப்பத்தைக் கக்குவதை உணர்ந்திருப்பர். சுழலும் சிறுகோளும் அவ்வாறே தன் மாலைப் பக்கத்தில் வெப்பத்தைக் கக்குகிறது. அவ்வெப்பம் மிக மிக மெல்ல அதனைத் தள்ளுகிறது. யார்க்கோவ்ஸ்கி விளைவு எனப்படும் இது, நூற்றாண்டுக் கணக்கில் பாதையை மாற்றும். கல்லின் நிறத்தை மாற்றி இவ்விளைவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம் என்று கூறுவாரும் உளர். அது கருத்தளவில் நிற்கிறது. எனினும் எதிர்காலப் பாதையைக் கணிப்போர் இவ்விளைவைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.

சிறிய கல்லாயின் இவற்றுள் எதுவும் வேண்டியதில்லை. வீழும் இடத்தை அறிந்து மக்களை அப்புறப்படுத்துவதே போதும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபோது தென்னையும் வீடும் போயின. முன்னறிவிப்பினால் முகாம்களுக்குச் சென்ற மக்களின் உயிர் காக்கப்பட்டது.

எவர் வயலுக்குத் திருப்புவது?

இதுவரை கூறியவை பொறியியல். இனி வருவது அறத்தைச் சார்ந்தது, அதுவே கடினமானது.

வெள்ளக் காலத்தில் ஒரு கரையில் உடைப்பு ஏற்பட்டால் எதிர்க்கரை பிழைக்கும் என்பதைப் படுகை மக்கள் அறிவர். தன் வயலில் தேங்கிய நீரை வரப்பை வெட்டி வடித்தால் அது அடுத்தவன் வயலில் போய் நிற்கும் என்பதையும் அறிவர். சிறுகோளும் அப்படியே. அது எங்கே மோதும் என்பது தொடக்கத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவதில்லை. உலகின் குறுக்கே ஒரு நீண்ட பட்டையாகவே தெரியும். கல்லைத் தள்ளினால் மோதும் இடம் அப்பட்டையின் வழியே நகர்ந்து சென்று, இறுதியில் புவியை விட்டு நீங்கும். தள்ளுதல் பாதியில் நின்றுபோனால் ஒரு நாட்டுக்கு வரவேண்டியது மற்றொரு நாட்டில் வீழும்.

இது கற்பனை அன்று. 2024-ஆம் ஆண்டு திசம்பர் 27-ஆம் நாள், சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று 2024 ஒய்.ஆர்.4 என்னும் சிறுகோளைக் கண்டது. புவியை நெருங்கிக் கடந்து இரண்டு நாள் ஆன பிறகே அது கண்ணில் பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 60 மீட்டர். துங்குஸ்காவில் வெடித்ததை ஒத்தது. 2032-ஆம் ஆண்டு திசம்பர் 22-இல் அது மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18-ஆம் நாள் நூற்றுக்கு 3.1 என்ற அளவை எட்டியது. மோதக்கூடிய பட்டை கிழக்குப் பசிபிக்கில் தொடங்கித் தென்னமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியே தெற்காசியாவை அடைந்தது. அடுத்த சில நாள்களில் கூடுதல் நோக்கீடுகள் கிடைக்கவே, புவிக்கு இடரில்லை என்பது தெளிவாயிற்று. கணக்கு குறித்த அந்தத் திசம்பர் 22, கும்பகோணத்துக் கணித மேதையின் பிறந்தநாள். தற்செயல்தான், எனினும் அச்செய்தியின் அச்சத்தையும் தீர்த்தது கணக்கே.

இடர் நீங்காதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? கலம் அனுப்பும் ஆற்றல் ஒருசில நாடுகளுக்கே உண்டு. பட்டையில் இருந்த நாடுகளுள் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. எத்திசையில் தள்ளுவது, முயற்சி பிழைத்தால் இழப்புக்கு யார் பொறுப்பு, அணுவெடிப்பை யார் இசைவது என்னும் வினாக்களுக்கு உலகில் எழுதப்பட்ட விடை இல்லை. செல்யாபின்ஸ்க் நிகழ்ச்சி நடந்த 2013-ஆம் ஆண்டிலேயே ஐக்கிய நாடுகள் அவை இரண்டு அமைப்புகளுக்கு இசைவளித்தது. ஒன்று சிறுகோள்களைக் கண்டு எச்சரிக்கும் பன்னாட்டு வலையமைப்பு. மற்றொன்று விண்கல முயற்சிகளைத் திட்டமிடும் ஆலோசனைக் குழு. இவை அறிவுரை கூறலாம், ஆணையிட இயலாது.

ஓர் ஆற்றின் நீரை நான்கு பகுதியினர் பங்கிட்டுக்கொள்வதற்கே நடுவர் மன்றம் அமைந்தது 1990-இல். இறுதித் தீர்ப்பு 2007-இல். உச்ச நீதிமன்றத்தின் முடிவும் மேலாண்மை ஆணையமும் 2018-இல். இருபத்தெட்டு ஆண்டுகள். பயிர் காய்ந்தால் அடுத்த ஆண்டு மீண்டும் விதைக்கலாம். சிறுகோளோ வழக்கு முடியும்வரை காத்திராது. கல் கண்ணில் படுமுன்னரே, எவர் வயலுக்கும் அது குறிவைக்காத இந்நாளிலேயே, நாடுகள் கூடி முடிவு செய்துகொள்வதே அறிவுடைமை. இடர் இன்னார் தலையில் என்று தெரிந்த பின் நடுநிலை பேசுவது அரிது.

காவலும் சொல்லும்

ஒரு கி.மீ.க்கு மேற்பட்ட புவியருகுக் கற்களில் பெரும்பாலானவை கண்டறியப்பட்டுவிட்டன. புவியருகுச் சிறுகோள்களாக அறியப்பட்டவற்றின் எண்ணிக்கை 2025 நவம்பரில் 40,000-ஐக் கடந்தது. ஆயினும் ஒரு நகரத்தையோ ஒரு மாவட்டத்தையோ அழிக்கவல்ல, 140 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கற்களில் பாதிக்கு மேல் இன்னும் கணக்கில் வரவில்லை. சிலியில் 2025-இல் இயங்கத் தொடங்கிய வேரா ரூபின் வானாய்வு நிலையம், ஏறத்தாழ பத்து மணி நேர நோக்கீட்டிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய சிறுகோள்களைக் காட்டியது. இந்தியாவில் லடாக்கின் ஹான்லே மலையில் உள்ள தொலைநோக்கி புவியருகுச் சிறுகோள்களைப் பின்தொடர்ந்து நோக்குகிறது. காவலூரில் தொடங்கிய தேடல் முடிந்துவிடவில்லை.

இதில் இலக்கிய வட்டத்துக்கு என்ன வேலை என்று வினவலாம். வேலை உண்டு. நூற்றுக்கு மூன்று என்று ஒரு செய்தி வரும்போது அதனை அழிவென்று அலறுவாரும், வெறும் புரளி என்று தள்ளுவாரும் இருப்பர். கணக்கு திருந்தத் திருந்த வாய்ப்பு முதலில் ஏறிப் பின் விழுவது இயல்பு என்பதைத் தாய்மொழியில் தெளிவாகச் சொல்வார் வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாகத் தமிழில் தந்தது. சிறுகோள், வால்மீன், எரிமீன் என்னும் சொற்கள் தமிழில் உள்ளன. சொல் இருந்தும் பேசப்படாத செய்தி, கடற்கரைக்கு வந்து சேராத எச்சரிக்கையை ஒக்கும்.

அப்போபிஸ் 2029-இல் மோதாது; ஆயினும் வரும். இந்திய நேரப்படி அவ்வாண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் விடியற்காலை மூன்று மணி அளவில், புவியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கி.மீ. தொலைவில் அது கடந்து செல்லும். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிற்கும் உயரத்தைவிட அது தாழ்வு. 300 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு கல் அவ்வளவு நெருங்கி வருவதை முன்கூட்டியே நாள் குறித்து எதிர்நோக்குவது மாந்த வரலாற்றில் புதிது. ஐக்கிய நாடுகள் அவை 2029-ஐச் சிறுகோள் விழிப்புணர்வு ஆண்டாக அறிவித்துள்ளது. அந்த நாள் சித்திரை முதல் நாள். படுகையின் வீடுகளில் விடிந்தவுடன் கனி காண எழுவோர், சற்று முன்னரே எழுந்து முற்றத்தில் பிள்ளைகளை நிறுத்தி, இப்போது போவது இன்னது, அது ஏன் மோதவில்லை, மோதுவதாயின் என்ன செய்யலாம் என்று தமிழில் எடுத்துரைக்க இயலுமானால், அச்சத்தின் இடத்தில் அறிவு அமர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அதற்கு ஆயத்தம் செய்ய இன்னும் காலம் இருக்கிறது.